ஓவெட்டா விட்டுவைத்த இடம்

என் உயிருக்கும் என் உழைப்புக்கும் உடையவராகிய ஆண்டவருக்கு என் முதல் வணக்கம்!

இந்த விழாவின் தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்ட எங்கள் போதகர் எல்வுட் கிரிம்ஸ் ஐயா அவர்களே! அவர் அருகில், இன்று காலை என் கையால் வாரிச் சுருட்டிய கூந்தலின்மீது ஊதாத் தொப்பி சூடி, ஒரு முடி கலையாமல் அமர்ந்திருக்கும் போதகரின் துணைவியார் அவர்களே! முன்வரிசையில் வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறையோடு வீற்றிருந்து, வரம்பு மீறிப் பேசுகிறவர்களைப் பார்வையாலேயே உட்கார வைக்கும் எங்கள் சபைத் தாய்மார்களே! சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் டீக்கன் பெருமக்களே! கதவோரம் கால் மாற்றாமல் நிற்கும் பணிவிடைத் தோழர்களே! பாட்டுக் குழுவின் பைங்கிளிகளே! பின்வரிசையில் உட்கார்ந்து, அடுக்களையில் பொரியும் கெளுத்தி மீனுக்கு மூக்கைக் கொடுத்துவிட்டு எனக்குக் காதை மட்டும் கொடுத்திருக்கும் என் பாசமுள்ள பாவிகளே! அனைவருக்கும் எர்மா ஜீன் பெட்டிகுருவின் அன்பு வணக்கம்!

"நிதானமா பேசும்மா" என்று அங்கிருந்து ஒரு குரல் வருகிறது. நிதானமாகத்தான் பேசப்போகிறேன் ஐயா. போதகர் எனக்குக் கொடுத்த நேரம் குறைவு. நான் எடுத்துக்கொள்ளப் போகிற நேரம் அதிகம். அவர் ஞாயிறுதோறும் எங்களுக்குச் செய்வதை நான் ஒரு நாள் அவருக்குச் செய்தால் குற்றமா? குற்றமில்லை என்கிறார்கள் தாய்மார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது போதகரே, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

இன்று நாம் யாரைப் போற்ற வந்திருக்கிறோம்? இதோ, இந்த மேடையில் மஞ்சள் உடுப்பில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நான் என்ன உளறப்போகிறேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் ஓவெட்டா ரெயின்ஸ் அம்மையாரை! மெம்பிஸ் நகரம் பெற்றெடுத்த குரலை! நம் ஆரஞ்சு மவுண்ட் தெருக்களில் வளர்ந்த வானம்பாடியை! பாடகி என்று அவரை உங்களுக்குத் தெரியும். சமையலில் உப்புக் கூடுதல் என்றும் தெரியும். ஆனால் அவர் என் பார்லரில், தலையில் முடி சுருட்டும் ரோலர்களோடு, ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து என்ன செய்தார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபையின் பாட்டுக் குழுவில் பாவாடை கட்டிய பருவத்தில் பாடியவர் ஓவெட்டா. அவருடைய அப்பாவுக்கு ஃபிடில் என்கிற நாட்டு வயலின் வாசிக்கத் தெரியும். மகளுக்கு அந்த ஃபிடிலின்மேல் ஆசை. குதிரை, ரயில், மழை, மனமுறிவு என்று பாடுகிற நாட்டுப்புற மெட்டுகளின்மேல் ஆசை. வானொலியில் வெள்ளைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்த அந்த மெட்டுகளை, "இது எங்கப்பா வாசிக்கிறதாச்சே" என்று உரிமையோடு கேட்டு வளர்ந்தவர். அந்த உரிமையோடு பஸ் ஏறி, அந்த மெட்டுகளை இசைத்தட்டாகப் போடுகிற நாஷ்வில் நகரத்துக்குப் போனார். பாடினார். இசைத்தட்டு வந்தது. "கிணற்றடி வெளிச்சம்" என்று பாட்டுக்குப் பெயர். உறையில் என்ன படம் போட்டார்கள்? ஓவெட்டாவின் கறுப்பு முகத்தைப் போட்டார்களா? போடவில்லை! ஒரு மலையும் ஒரு மாட்டுவண்டிச் சக்கரமும் போட்டார்கள். பெயரையாவது முழுசாகப் போட்டார்களா? அதுவும் இல்லை! "ஓ. ரெயின்ஸ்" என்று போட்டார்கள். பாட்டு பரவியது, பாடகி யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். போய் இறங்கினால், அரங்கத்துக்காரன் கேட்கிறான்: "வாம்மா, பாடகியோட துணிமணியை அந்த ரூம்ல வச்சிடு. அந்தம்மா எப்போ வருவாங்க?" இவர் சொன்னார்: "அந்தம்மா வந்துட்டாங்க ஐயா. உங்க எதிர்ல நிக்கிறாங்க." அன்றைய கச்சேரி ரத்து. அடுத்ததும் ரத்து. அதற்கடுத்ததற்கு அழைப்பே இல்லை.

சரி, ஊருக்குத் திரும்பி வந்தார். ஊர் என்ன செய்தது? உச்சிமுகர்ந்ததா? ஊர் சொன்னது: "வெள்ளைக்காரன் பாட்டைப் பாடப் போனாளே, நல்லா வேணும்!" இந்தச் சபையில் அன்றிருந்த பாட்டுக் குழுத் தலைவர், அவர் ஆத்துமா இளைப்பாறட்டும், சொன்னாராம்: "ஓவெட்டா, நீ வா. ஃபிடில் மெட்டு வெளியிலயே நிக்கட்டும்." ஓவெட்டா வந்தார். மெட்டு வெளியிலேயே நின்றது.

தலை குனிகிறீர்கள். நிமிருங்கள், நான் உங்களைத் திட்ட வரவில்லை, இன்று விருந்து நாள்.

அதற்குப் பிறகு பீல் தெரு. சுற்றுலா வருகிறவர்கள் சாப்பிடுகிற விடுதியில், ஜிகினா உடுப்புப் போட்டுக்கொண்டு, வருஷக்கணக்காக அவர் சோகப்பாட்டுப் பாடினார். வந்தவர்களுக்கு "அசல் கறுப்புக் குரல்" வேண்டும். இவர் குரலோ தெளிந்த நீரோடை. தொண்டையைக் கட்டவைத்துக் கரகரப்பாக்கிக் கொடுத்தார். அவர்கள் மேசையைத் தட்டி மகிழ்ந்தார்கள்.

இப்போது என் பார்லருக்கு வாருங்கள். வாடிக்கையாளர்கள் நேரம் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று ஒரு கணினி வாங்கி வைத்தேன். நேரம் குறிக்க வாங்கியது, நேரத்தைத் தின்ன ஆரம்பித்தது! டெலிஃபோன் கம்பியில்தான் இணையம் வரும் என்று விற்றவன் சொன்னான். இணையம் வந்தால் டெலிஃபோன் வராது என்று சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, முடி காயவைக்கும் மெஷினுக்கடியில் உட்கார்ந்து சலித்துப்போன ஓவெட்டா என்னைக் கேட்டார்:

"எர்மா ஜீன், அந்தப் பெட்டி என்னடி பண்ணும்?"

"எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்குமாம், மிஸ் ஓவெட்டா."

"என் ரெண்டாவது புருஷனைத் தேடிக் கொடுக்குமா?"

"உங்களுக்கு அவர் வேணுமா?"

"வேணாம். எங்கே இருக்கான்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் போகாம இருக்கலாமேன்னு கேட்டேன்."

புருஷன் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரைத் தட்டினார். ஓ. ரெயின்ஸ். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் திறந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் வாய் திறந்துகொண்டே போனது.

"எர்மா ஜீன், நான் செத்துட்டேனாம்டி!"

பார்லர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதோ முன்வரிசையில் இருக்கிறாரே தாயார் ஆல்பர்ட்டா, அவர் மெஷினைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தார். "எப்போ செத்தே? போன வாரம்கூட என்கிட்ட பாத்திரம் வாங்கிட்டுப் போனியே, திருப்பிக் குடுக்கலையே!"

"ரொம்ப காலத்துக்கு முன்னாடியே செத்துட்டேனாம். மலை ரோட்டுல காரு உருண்டுச்சாம். அது மட்டுமில்ல. நான் வெள்ளைக்காரியாம்!"

அன்று என் பார்லரில் எழுந்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி ஆடியது. யாரோ கேட்டார்கள்: "அப்போ ஏன் மிஸ் ஓவெட்டா அந்தக் காலத்துல பஸ்ல பின்சீட்டுல உக்காந்தீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். ஓவெட்டா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஹாலிஸ்டர் என்று ஒரு பெரியவர், ஓஹையோக்காரர், "கிணற்றடி வெளிச்சம்" பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக ஒரு மலைநாட்டுப் பெண்ணை அவராகவே கற்பனை செய்து வைத்திருந்தார். அந்தப் பாட்டோடு சேர்த்து அவளுடைய மற்றப் பாட்டுகளையும் புதிய தட்டாக வெளியிடப் போகிறார்களாம். உறையில் போட ஓவியம் தயாராகிறதாம். ஓவெட்டாவின் குரலுக்கு இன்னொருத்தியின் முகம்! முன்பு முகத்தை மறைத்தார்கள். இப்போது முகத்தை மாற்றுகிறார்கள்! இதைப் பார்த்துக்கொண்டு ஒரு பாடகி சும்மா இருப்பாளா?

இருக்கவில்லை. விரலை நீட்டினார். "நான் சாகவில்லை" என்று தட்டி அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் கேட்டேன்: "மிச்சத்தையும் எழுதுங்க."

"இரு. அவங்க ஏதாவது சொல்லட்டும்."

"யாரு?"

"படிக்கிறவங்கதான். ஒரு வரி சொன்னா ஒரு 'ஆமென்' வர வேணாமா? ஒரு 'சொல்லும்மா'வாவது வர வேணாமா? பதில் வராம அடுத்த வரியை எப்படிடி சொல்றது? சுவத்துக்கிட்டயா பேசறேன்?"

சபையோரே, சிரிக்காதீர்கள்! உங்களில் யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பீர்கள். ஒரு வரி நாம், ஒரு வரி அவர்கள். ஒரு சொல் மேடையிலிருந்து, ஒரு சொல் சபையார் உட்காரும் பலகையிலிருந்து. இப்படித்தானே ஜெபித்தோம்? இப்படித்தானே பாடினோம்? பருத்திக் காட்டில் முதுகு வளைந்த நாளிலும் இப்படித்தானே நம் முன்னோர் மூச்சு விட்டார்கள்? இதோ, "ஆமென்" என்கிறீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் என்னாலும் ஒரு வார்த்தை மேலே பேச முடியாது.

அவர் காத்திருந்தார். தாயார் ஆல்பர்ட்டா பின்னாலிருந்து, "சொல்லு ஓவெட்டா, நாங்க இருக்கோம்!" என்றார். பெட்டி பேசவில்லை. வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து வந்து கத்தினார்கள்: "எவ்வளவு நேரமா ஃபோன் அடிக்கிறோம், எங்கேஜ்டாவே இருக்கே, யாருகிட்டடி பேசறே?" கடைசியில் ஓவெட்டா எழுந்தார். "என்ன ஜனங்கடி இது, கல்லா உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, ரோலரைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்து திறந்தால், பதில் குவிந்து கிடக்கிறது. ஆனால் என்ன பதில்? இவர் எழுதியது ஒரே வரி. பெயரில்லை, ஊரில்லை. "நான் சாகவில்லை" என்று ஒரு வரியை மட்டும் யாரோ விட்டுவிட்டுப் போனால் என்ன நினைப்பார்கள்? ஒருவர், இது விஷமம் என்றார். ஒருவர், பேய் என்றார். இன்னொருவர், சாகாத நீ யார் என்று கேட்டிருந்தார்.

"பாத்தியா, கேட்டிருக்காங்க!" என்று ஓவெட்டாவின் முகம் மலர்ந்தது. இந்த முறை முழுசாக எழுதினார். நான் ஓவெட்டா ரெயின்ஸ். மெம்பிஸ்காரி. கறுப்புப் பெண். அந்தப் பாட்டு என் பாட்டு.

சிலர் ஆனந்தப்பட்டார்கள். ஹாலிஸ்டர் ஐயா படவில்லை. மரியாதையாகத்தான் எழுதினார், மறுக்க முடியாது. ஆனால் மரியாதையாக என்ன எழுதினார்? "அம்மா, இந்தப் பாட்டை ஆயிரம் முறை கேட்ட காது என்னுடையது. இது கறுப்பினக் குரல் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் பிறகு இசையெல்லாம் அடங்கி ஓர் இடைவெளி வருகிறதே, அது மலைநாட்டுப் பெண்ணின் தனிமைத் துயரம். நீங்கள்தான் பாடினீர்கள் என்றால் நிரூபியுங்கள்."

நிரூபியுங்கள்! நான் நான்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம்! ஓட்டுப் போடப் போனபோது நிரூபிக்கச் சொன்னார்கள். கச்சேரிக்குப் போனபோது நிரூபிக்கச் சொன்னார்கள். இப்போது சொந்தக் குரலுக்கும் நிரூபணமா? நான் கொதித்துப்போய், சுருட்டை முடியை நிமிர்த்தும் சூடான சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே திட்டினேன். நாற்காலியில் இருந்தவள், "அக்கா, என் காது, என் காது!" என்று அலறினாள்.

அதே வாரம் இன்னொரு அடி. அது வெளியிலிருந்து வரவில்லை. ஓக்லாந்திலிருந்து ஒரு மாணவி, நம் இனத்துப் பெண், எழுதியிருந்தாள்: "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா ஆன்ட்டி? நம்மளை அடிச்சவங்க பாட்டை நீங்க ஏன் பாடினீங்க? நம்ம பாட்டு நம்மகிட்ட இல்லையா?" ஹாலிஸ்டர் கேட்டபோது உதட்டைச் சுழித்த ஓவெட்டா, இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்துதான் அவர் எழுத ஆரம்பித்தார். நிரூபிக்க அல்ல, பேச. சனிக்கிழமைதோறும் என் பார்லரிலிருந்து. ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லுவார். பெண்கள் பதில் சொல்லுவார்கள். பதில் வந்த பிறகே தட்டுவார். பெட்டியிடமிருந்து 'ஆமென்' வராது என்று தெரிந்ததும் பார்லரிடமிருந்து வாங்கிக்கொண்டார்! அவர் எழுதியதில் சிலதை எனக்கு அப்படியே சொல்லத் தெரியும். கேளுங்கள்.

"பீல் தெருவுல வருஷக்கணக்கா நான் கறுப்பா நடிச்சேன். குரலைக் கரகரன்னு ஆக்கி, இடுப்பை ஆட்டி, அழாத அழுகையை அழுது காட்டினேன். அவங்க கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து ஜிகினாவைக் கழட்டிட்டு, கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டு, ஃபிடில் மெட்டை முணுமுணுத்தேனே, அப்பவும் நான் கறுப்புதான். அப்பத்தான் கறுப்பு. அதுக்கு நடிப்பே தேவைப்படலை."

இன்னொரு சனிக்கிழமை: "இங்கே முதல் நாள் நான் எழுதினப்போ, என் தோல் என்ன நிறம்னு யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு முன்னாடி என் நிறம் உள்ளே நுழையலை. சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம். அப்புறம் என்னடா, நான் வந்துட்டேன், எங்கம்மா வரலை, எங்கப்பா வரலை, எங்க தெரு வரலையேன்னு ஆயிடுச்சு. அவங்களைக் கூட்டிட்டு வரத்தான் 'கறுப்புப் பெண்'ணுன்னு எழுதினேன். குத்தம் சொல்ல இல்ல. கூட்டிட்டு வர."

ஆமென் என்று சொல்லுங்கள்! உரக்கச் சொல்லுங்கள்! அந்த மாணவிக்கு அவர் எழுதியது இது:

"கண்ணு, நீ கேட்டது நியாயம். ஆனா பான்ஜோங்கிற தந்தி வாத்தியத்தை இந்த மண்ணுக்கு யாரு கொண்டு வந்தா? ஆப்பிரிக்காவிலேருந்து நம்ம ஆளுங்க நெஞ்சுக்குள்ள வச்சுக் கொண்டு வந்தாங்க. பண்ணை வீட்டு நடனத்துல ராத்திரி பூரா ஃபிடில் வாசிச்சது யாரு? உன் கொள்ளுத் தாத்தா மாதிரி ஆளுங்கதான். நான் அடுத்தவன் வீட்டுக்குப் போய்ப் பாடலைம்மா. எங்க வீட்டுப் பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போனதைத் திருப்பி வாங்கப் போனேன். நம்ம ஆளுங்க இவ்வளவுதான்னு வெளியில இருக்கிறவன் ஒரு கோடு போட்டான். அந்தக் கோட்டை நாமளே காவல் காக்கணுமா?"

அந்தப் பெண் பதில் எழுதினாள். "ஆமென் ஆன்ட்டி" என்று மட்டும் எழுதினாள். அதைப் பார்த்து ஓவெட்டா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வந்துடுச்சுடி! பெட்டிக்குள்ளேருந்து வந்துடுச்சு!" என்று குதித்தார். மெஷின் கம்பி தடுக்கி இருவரும் விழப் பார்த்தோம்.

ஆனால் அந்த ஓவியம்? அந்த உறை? வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அச்சுக்குப் போக இருந்தது. அப்போது ஹாலிஸ்டர் ஐயாவே அந்தப் பாட்டை அந்த இணையப் பக்கத்தில் ஏற்றி வைத்தார், எல்லோரும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று. எங்கள் பார்லரில் அது வந்து இறங்குவதற்குள் ஒரு தலைக்குப் பின்னல் போட்டு முடித்துவிட்டேன். இறங்கியது. ஒலித்தது. இளம் ஓவெட்டாவின் குரல்! ஃபிடில் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், நடுவே அந்தக் குரல். அந்தப் பாட்டை ஊர் ஒதுக்கிய நாளிலிருந்து நாங்கள் யாருமே காது கொடுத்துக் கேட்டதில்லை. முதல் வரி முடிந்தது. இசை அடங்கியது. இடைவெளி வந்தது.

தாயார் ஆல்பர்ட்டா, கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், தன்னை அறியாமல் சொன்னார்: "ஆமாம்மா!"

இரண்டாவது வரி. இடைவெளி. இந்த முறை நான்கு பேர்: "பாடு!"

மூன்றாவது வரி. இடைவெளி. பார்லர் முழுவதும், ரோலர் வைத்த தலைகளும் வைக்காத தலைகளும் சேர்ந்து: "ஆமென்!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் கையில் சீப்பு அப்படியே நின்றது. ஆண்டவரே! அது தனிமையா? அது துயரமா? அது மலைநாட்டு மௌனமா? அது எங்களுக்கு விட்டுவைத்த இடம்! நாஷ்வில்லில், தெரியாத மனிதர்கள் நடுவே, ஒலிப்பதிவுக் கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று பாடிய அந்தப் பெண், ஒவ்வொரு வரியின் முடிவிலும் தன் ஜனத்துக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறாள்!

நான் கேட்டேன்: "மிஸ் ஓவெட்டா, தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"எனக்கு வேற மாதிரி பாடத் தெரியாதேடி. அந்த வாத்தியக்காரங்க கத்தினாங்க, ஏன் நிக்கறே, ஏன் நிக்கறேன்னு. எனக்குப் பதில் வராம போக முடியலை. அவங்களே பழகிக்கிட்டாங்க."

அன்றே அவர் ஹாலிஸ்டருக்கு எழுதினார். என் பார்லர் எண்ணைக் கொடுத்து, வரும் சனிக்கிழமை கூப்பிடுங்கள், அந்த இடைவெளிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன் என்றார். சனிக்கிழமை வந்தது. எல்லோரும் காத்திருந்தோம். மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? கூப்பிடுகிறாரா என்று பார்க்க ஓவெட்டா இணையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! "கம்பியைப் பிடுங்குடி!" என்று தாயார் ஆல்பர்ட்டா போட்ட சத்தத்தில் நானே பிடுங்கினேன். பிடுங்கிய கையை எடுக்கும் முன் மணி அடித்தது.

ஹாலிஸ்டர்தான். வயதான குரல், சளி கட்டிய குரல். "ரொம்ப நேரமா முயற்சி பண்றேன்மா" என்றார்.

"நானும் ரொம்ப வருஷமா முயற்சி பண்றேன் ஐயா" என்றார் ஓவெட்டா. "கேளுங்க."

ஃபோனை நான் உயர்த்திப் பிடித்தேன். ஓவெட்டா பாடினார். ஃபிடில் இல்லை, கிட்டார் இல்லை. வயதேறிய குரல். மேல்ஸ்தாயியில் ஓரிடத்தில் உடைந்தது. உடைந்த குரலைத் திரட்டிக்கொண்டு மேலே போனார். ஒவ்வொரு வரி முடிவிலும் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் பெண்கள் பதில் கொடுத்தார்கள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. பாட்டு முடிந்தது. நான் ஃபோனைக் காதில் வைத்தேன். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"ஆயிரம் தடவை கேட்டேன்மா" என்றார். "அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. மன்னிச்சிடுங்க."

அவரைப் பற்றி நான் ஒன்று சொல்லத்தான் வேண்டும். தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அந்த ஓவியத்தை எடுக்க வைத்தார். எழுதியதை எல்லாம் மாற்றி எழுதினார். இதோ பாருங்கள், உயர்த்திப் பிடிக்கிறேன், பின்வரிசைக்கும் தெரிகிறதா? தட்டு வந்துவிட்டது! இந்த உறையில் யார் முகம்? நீலக் கண்ணா? பொன்முடியா? ஓவெட்டா ரெயின்ஸின் கறுத்த முகம், களையான முகம், எர்மா ஜீன் அலங்கரித்த கூந்தலோடு! பெயர் முழுசாக! எழுத்து பெரிதாக!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். கை வலித்தால் மீன் சாப்பிட்டு ஆற்றிக்கொள்ளலாம், நான் பொறுப்பு.

இந்தத் தட்டு தபாலில் வந்த அன்று பார்லரில் கேக் வெட்டினோம். ஆட்டம் போட்டோம். ஓவெட்டா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து உறையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன்: "என்ன மிஸ் ஓவெட்டா, சந்தோஷமில்லையா? கடைசியில ஒத்துக்கிட்டாங்களே!"

அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சந்தோஷம்தான் எர்மா ஜீன். நல்ல மனுஷன் அந்த ஹாலிஸ்டர். ஆனா அந்தப் பாட்டுல நான் நின்னு நின்னு காத்திருந்தேனே, அது அவங்களுக்காக இல்லையேடி."

கேட்டீர்களா சபையோரே? அவங்களுக்காக இல்லை!

யாருக்காக? உலகம் முழுவதும் இந்தத் தட்டை வாங்குகிறது. அது அவர்கள் வாங்கட்டும். ஆனால் அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இருக்கிற இடம் யாருடையது? ஆரஞ்சு மவுண்டுடையது! இந்தப் பலகைகளுடையது! நம்முடையது! கறுப்பு என்றால் ஒரு குரல் என்றார்கள், ஒரு மெட்டு என்றார்கள், ஓர் ஆட்டம் என்றார்கள். ஓவெட்டாவைக் கேட்டால், ஒருத்தி வரி சொன்னால் பதில் சொல்ல ஆள் இருப்பதுதான் என்பார். தன்னை வேண்டாம் என்ற ஊருக்கு அவர் இடம் விட்டுவைத்தார். சலிக்காமல் விட்டுவைத்தார். கோபித்துக்கொண்டு அந்த இடத்தை அடைத்துவிடவில்லை. ஒரு வரியில்கூட அடைத்துவிடவில்லை. இந்தப் பெருந்தன்மைக்கு நான் எந்த மாலையைப் போடுவேன்?

மாலை வேண்டாம். போதகரே, நேற்று உங்களிடம் ஒரு அனுமதி கேட்டேன்; நீங்கள் யோசிக்காமல் தலையசைத்தீர்கள். அதற்காக இன்றைய உங்கள் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் நான் தூங்க மாட்டேன். பாட்டுக் குழுவின் பின்னால் நிற்கிற அந்தத் தம்பி கையில் இருப்பது என்ன? ஃபிடில். ஆமாம், உள்ளே வந்துவிட்டது. யாரும் வெளியே நிறுத்தவில்லை.

என்னைப் பேச அழைத்த விழாக் குழுவுக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட போதகருக்கும் அவர் துணைவியாருக்கும் நன்றி. தாய்மார்களின் பாதங்களுக்கு என் வணக்கம். ஒவ்வொரு வரிக்கும் பதில் தந்து என்னைத் தாங்கிப் பிடித்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டவர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.

மிஸ் ஓவெட்டா, எழுந்து வாங்க. மைக் இங்கே இருக்கு. உங்க பாட்டைப் பாடுங்க.

எத்தனை நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். நாங்கள் வந்துவிட்டோம்.